வயோலாவின் இரண்டாம் தாள்

பிழை என்னுடையது. வயோலாவுக்கான இரண்டாம் தாளில் எல்லாச் சுரங்களையும் ஒரு கோடு மேலே ஏற்றி எழுதியவன் நான்தான்.

மட்டக்களப்பில், வாவிக்கரைத் தேவாலய மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு மேற்கத்திய இசை வகுப்பு நடக்கிறது. கணித ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அதில் சேர்ந்தேன். ஏறாவூரிலிருந்து தையற்காரர் ஒருவர் வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவரைக் காக்கா என்பேன். வயலினைவிடச் சற்றுப் பெரியதான வயோலா, வகுப்பில் அவரிடம் மட்டுமே இருந்தது.

சென்ற ஆண்டு பரோக் கால இசையைப் படித்தோம். ஃபியூக் என்ற இசை வடிவத்தில் ஒரு குரல் மெட்டைத் தொடங்கும். அது ஓயுமுன் அடுத்த குரல் அதே மெட்டை வேறு சுருதியில் பிடித்துக்கொள்ளும். நுழையும் இடத்தில் மனதுக்குள் "வாறன்" என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார் ஆசிரியை.

"டீச்சர், நம்மட ஊர்ல போகக்குள்ளயும் வாறன் எண்டுதானே சொல்றம்? ஆள் வருதா போகுதா எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார் காக்கா.

"நீங்க முதல்ல நேரத்துக்கு வாங்க காக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர்தான் அதிகம் சிரித்தார்.

ஓர் ஆர்கன் ஃபியூக்கை எங்கள் நான்கு வாத்தியங்களுக்கு அமைக்கும்படி எங்கள் இருவரிடமும் தனித்தனியே கொடுத்தார் ஆசிரியை. இரண்டில் சிறந்தது ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு. காக்காவின் அமைப்பே தேர்வானது. வயோலாவுக்கு எட்டாத இடங்களை அவர் செல்லோவுக்கு மாற்றியிருந்த விதம் எனக்குத் தோன்றியிருக்காது. என் கையெழுத்துத் தெளிவு என்பதால், அவர் எழுதிய கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள்களில் பிரித்து எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பொறாமையோடுதான் எழுதினேன். வேண்டுமென்று பிழை விடவில்லை.

ஒத்திகையில், தாளைப் புரட்டியதும் வயோலா மற்ற மூன்றோடும் மோதியது. மறுபடி வாசித்தார்கள், மறுபடி மோதியது. அவர் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் எழுதினது இப்பிடி இல்லையே மாஸ்டர். என்ட கொப்பி எங்க?"

"வீட்டில கிடக்கு காக்கா. அதில இருந்ததத்தான் எழுதினன்."

கொப்பி என் காலடியில், பைக்குள் இருந்தது.

பிழை காக்காவின் அமைப்பில்தான், திருத்த நாள் போதாது என்று என் அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். காக்கா வயோலாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "சரி, வாறன் மாஸ்டர்."

பிறகு அவர் வரவில்லை. கொப்பியை ஆள்வசம் கொடுத்தனுப்பினேன். நான் எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டேன். நிகழ்ச்சியில் எனக்குக் கைதட்டினார்கள்.

மூன்று மாதத்தில் காக்கா மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது, அவருடைய மகள் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார்.

"வாப்பா உங்களக் குறை சொல்லல்ல மாஸ்டர். எங்க பிழை, எங்க பிழை எண்டு அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டே இருந்தாரு. நீங்களாவது பாத்துச் சொல்லுங்க."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "பாத்துப்போட்டு வாறன் மகள்" என்று கொப்பியை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

சரியாக இருந்த சுரங்களை அவர் அழித்த இடங்களில் தாள் மெலிந்து, மறுபக்க எழுத்துத் தெரிகிறது. பழைய சுரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு திரும்ப எழுதி முடித்தே நாலு மாதமாகிறது. ஏறாவூர் பஸ் என் வீட்டு வாசற்படலையைக் கடந்துதான் போகிறது. கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது.