நாற்பத்து மூன்றில் பாதி

எழுபதுகளின் நடுவில் ஒரு ஏப்ரல் மாதம். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் பிரீடிகிரி கணக்குப் பரீட்சை. எனக்கு அது இரண்டாவது படையெடுப்பு. முதல் தடவை கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டம். காலையில் பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, "கண்ணு, இந்த வாட்டி பாஸாயிட்டீன்னா மேல படி, நான் ஒண்ணுஞ் சொல்லல. இல்லீன்னா பொள்ளாச்சிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்" என்றார். பொள்ளாச்சிக்காரர்கள் என்றால் பெண் கேட்டு வந்தவர்கள். மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் படிக்க ஆசை.

கேள்வித்தாளைப் பார்த்ததும் குலதெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டேன். லாக் சைன் x-க்கு டெரிவேட்டிவ், x லாக் x-க்கு டெரிவேட்டிவ் என்று வரிசையாக லாகரிதம்தான். வெறும் லாக் x-க்கு என்ன என்று தெரிந்தால் மளமளவென்று போட்டுவிடலாம். அதுதான் வரவில்லை! முந்தின நாள் வரை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த சூத்திரம். x-ஆ, ஒன்றின் கீழ் x-ஆ, மாறாமல் அப்படியே இருப்பதா? மூன்றும் சரி மாதிரியே இருந்தன.

சரி, முக்கோணக் கணக்கையாவது போடலாம் என்று லாக் டேபிள் கேட்டு வாங்கினேன். இரண்டுக்கு எதிரே 3010. பக்கத்திலேயே 2.01-க்கு 3032. வித்தியாசம் 22. முதல் வரியைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து 1.01-க்குப் போனால் வித்தியாசம் 43. பாதியாகிவிட்டதே! நான்கில் பார்த்தேன், பத்து. எட்டில் பார்த்தேன், ஐந்து. எண் இரட்டித்தால் ஏற்றம் ஏறக்குறைய பாதி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டெரிவேட்டிவ் என்பதே அந்த ஏற்றம்தானே? அப்படியென்றால் ஒன்றின் கீழ் x! டேபிள் பத்தை அடிமானமாகக் கொண்டது என்பதால்தான் அந்த 43; டெரிவேட்டிவ் கணக்கில் வரும் லாக்காக இருந்தால் சரியாக நூறு வந்திருக்கும். இத்தனை நாள் பெருக்கவும் வகுக்கவும் புரட்டிய அந்தக் கிழிந்த புத்தகத்தில், வரிக்கு வரி அந்த ஏற்றம் அது பாட்டுக்குக் குறைந்துகொண்டே போயிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேனோ, மேற்பார்வைக்கு வந்திருந்த சமஸ்கிருத வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், கண்டிப்பானவர்.

"என்னம்மா, எத்தனை நாழியா ஒரே பக்கத்தைப் பாத்துண்டிருக்கே? புஸ்தகத்தை இப்படிக் குடு."

லாக் டேபிள் ஓரத்தில் பென்சிலால் சூத்திரம் எழுதிவைப்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் கைவரிசை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துத் தேடினார். காப்பி அடித்தாள் என்று எழுதிவிட்டால் பரீட்சையும் போச்சு, மானமும் போச்சு.

"ஒண்ணும் எழுதலீங்க சார்" என்று கிசுகிசுத்தேன். "எண்ணு பெருசாகப் பெருசாக ஏத்தம் கம்மியாகுதுங்க. ரெட்டிச்சாப் பாதியாகுதுங்க. அதைத்தான் பாத்துட்டிருந்தனுங்க."

பைத்தியமா என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு டேபிளைப் பார்த்தார். உதடு அசைந்தது. பக்கத்தைத் திருப்பினார், திரும்ப முதல் வரிக்கு வந்தார். "ஈஸ்வரா!" என்றார் மெல்ல. புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "எழுதும்மா, எழுது. நாழியாறது" என்று நகர்ந்தார்.

எழுதித் தள்ளினேன். மணி அடித்து எல்லோரும் வெளியேறும்போது திரும்பிப் பார்த்தேன். கட்டிய விடைத்தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலோரம் நின்று லாக் டேபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார் அவர்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா, "எப்படி கண்ணு?" என்றார். "பொள்ளாச்சிக்காரங்களை வேற பொண்ணு பாக்கச் சொல்லிருங்கப்பா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸாகி, கணக்கையே எடுத்துப் படித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ சூத்திரங்களை மறந்திருக்கிறேன், பயந்ததில்லை. நான் மறந்துபோன அன்றைக்கும் அந்தச் சூத்திரம் உண்மையாகவே இருந்தது, நான் வந்து பார்க்கட்டும் என்று அங்கேயே காத்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.