கண்ணாடியைத் தொட்ட மிதவை

இன்று காலை வலைச் சாமான் கடையில் மிதவை ஒன்றும் நைலோன் கயிறும் கேட்டேன்.

“மீன் புடிக்கப் போறீங்களா அம்மா?” என்றார் கடைக்காரர்.

“இல்ல தம்பி, கராஜில தொங்க விட. அது முன்கண்ணாடியில முட்டினா காரை நிப்பாட்டணும்.”

“இப்ப அதுக்குக் கமரா பூட்டலாமே!”

சிரித்துக்கொண்டேன். யுத்த காலத்தில், எவரிடமும் பயிலாது நானே கார் ஓட்டப் பழகிய நாள்களில், எங்கள் கராஜிலும் இப்படியொரு மிதவை தொங்கியது.

சுற்றிவளைப்புக்கு வந்த சிப்பாய்கள் அதை வெடிகுண்டென்று ஐயுற்றுப் பின்வாங்கினர். என் கணவரை முற்றத்துச் சுவரோடு நிறுத்தி, “என்ன இது?” என்று அதட்டினர். நான் முன்னே வந்தேன்.

“கார் நிப்பாட்டுறதுக்கு, சேர். ஓட்டிக் காட்டுறன்” என்றேன்.

துப்பாக்கிகள் பார்த்திருக்க, முற்றத்தில் நின்ற காரை உள்ளே செலுத்தி, மிதவை கண்ணாடியைத் தொட்ட கணத்தில் நிறுத்தினேன். அதிகாரி கராஜின் பின்சுவருக்கும் காருக்குமிடையே கையை விரித்து அளந்தார். சரியாக ஒரு சாண்.

“ஹரி” என்று சிங்களத்தில் ‘சரி’ சொல்லிக் கணவரை விடுவித்தார்.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் கணவர் வாய் திறந்தார்: “ஒருநாளும் நீ இவ்வளவு நேரா நிப்பாட்டினதில்லயே புள்ள!”

நான் கார் ஓட்டுவதற்கு அம்மனிதர் வாழ்நாளில் வழங்கிய ஒரே பாராட்டு அது. அக்காலத்தில் உங்கள் கராஜ்களில் என்ன தொங்கியது, நண்பர்களே?