றொசல்லயில் இரண்டாவது உருண்டை

றொசல்ல ஸ்டேஷன் பெஞ்சில், என் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியைச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். மழை தூறுகிறது. அவர் மனைவி ஈரக் கம்பளியோடு நின்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் இன்னும் வரவில்லை.

"என்னம்மா ஆச்சு?" தயங்கித்தான் கேட்கிறேன்.

"பல்லு வலிங்க. காலையில பெரட்டுக்குப் போய்ப் பேரு குடுக்கலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லீங்களே. வயிறு முட்ட ரொட்டி தின்னுட்டு அபின் உருண்டை ஒண்ணு முழுங்குனாரு. வலி நிக்கல. இவருக்கு எதுலயும் அவசரம். சொத்தை மருந்துன்னு திட்டிக்கிட்டே இன்னொண்ணையும் போட்டுக்கிட்டாரு."

ரொட்டிக்கு மேல் விழுந்த மருந்து மெதுவாகத்தான் ஏறும் என்று தோட்டத்து டாக்டர் இவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது சொன்னாராம். இரண்டும் சேர்ந்து ஏறிவிட்டன.

"புளித்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சேன். வெறும் ரொட்டிதான் வந்துச்சு. தூங்க விட்டா மூச்சு நின்னுருமாங்க. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, நீங்க கொஞ்சம் பேசுங்கய்யா."

எனக்குப் பழகியவர்களிடமே பேச்சு வராது. குனிந்து, பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறேன்.

"ம்."

பாதி திறந்த கண்ணில் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது. எந்தத் தோட்டம் என்கிறேன். மழையைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு "ம்"மும் முந்தியதைவிடத் தாமதமாக வருகிறது.

வளைவில் புகை தெரிகிறது. "ரயில் வந்துருச்சு, அண்ணே."

அவர் தலை சரிகிறது. அவள் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள்.

"மூச்சு லேசா இருக்குதுங்க. நிறுத்தாதீங்க."

ஸ்டேஷனே திரும்பிப் பார்க்க, அவர் காதில் கத்துகிறேன்.