மெமரிக்கு வைத்த சந்தனம்

சும்மா இருக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது. பத்து வயதில் அது இன்னும் மோசம். சோறு வேகத் தாமதித்தால் அடுப்போடு சண்டை, பஸ் வராவிட்டால் வீதியோடு சண்டை. அப்படிப்பட்ட என்னைத்தான் சின்னம்மா கணினிக்கு முன்னால் பக்கத்தில் இருத்திக்கொள்வார். அவருக்கு மவுஸ் பிடிக்க வராது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக்கு நிவாரணமாகக் கிடைத்த பழைய கணினி அது. யுத்தம் முடிந்த வருடம் அதற்கு ஒரே வேலைதான். வன்னிக்கு மேசன் வேலைக்குப் போய் யுத்தத்தில் அகப்பட்டுக்கொண்ட சின்னம்மாவின் கணவர், என் சித்தப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதி முகாம்களில் எடுத்த படங்கள் இணையத்தில் எங்கே வந்தாலும் வெளிநாட்டு மாமா அந்த முகவரியை அனுப்புவார். நாங்கள் ஒவ்வொரு முகமாகத் திறந்து பார்ப்போம். படம் மேலிருந்து கீழே கீற்றுக் கீற்றாக இறங்கும். தலைமயிர் வந்து நெற்றி வருவதற்குள் எனக்குக் கை கால் எல்லாம் துடிக்கும்.

பட்டணத்தில் கணினி வகுப்புக்குப் போய்வந்த அக்கா, மெமரி போதாது, இன்னொன்று போட்டால் பறக்கும் என்றாள். கொழும்பிலிருந்து ஒருவர் கையில் அது வந்தது, சின்னப் பச்சைத் தகடு. உடனே கணினிக்குள் பூட்டச் சொல்லிக் குதித்தேன். சின்னம்மா விடவில்லை. களுதாவளைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து அருச்சனை செய்த பிறகுதான் பூட்டலாம் என்றார். புது மோட்டார் சைக்கிளுக்கே செய்கிறோம், மனிசரைத் தேடுகிற சாமானுக்குச் செய்யாமல் விடுவதா?

பூட்டினோம். ஒரு மாற்றமும் இல்லை. கணினி படுத்த மாடு மாதிரி அசைபோட்டது. அக்கா திரையில் அமைப்புக்குள் போய்ப் பார்த்தாள், பழைய மெமரியை மட்டும்தான் காட்டியது. கழற்றி அழுத்திப் பூட்டினாள். இடத்தை மாற்றிப் பூட்டினாள். "சரியா? சரியா?" என்று நான் அவள் உயிரை எடுத்தேன். கடைசியில் தகட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தகட்டின் ஓரத்துப் பொன்னிறப் பற்களின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஆரு சின்னம்மா இதில பொட்டு வெச்ச?"

"நான்தான் கா. ஐயர் சந்தனம் தந்தவர், மறுகா எங்க வைக்கிற?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சின்னம்மாவும் சிரித்தார், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. என் அழிறப்பரால் தேய்த்துப் பூட்டியதும் மெமரி இரண்டு மடங்காகக் காட்டியது. நான் கைதட்டினேன்.

படம் அப்போதும் ஊர்ந்துதான் வந்தது.

"இது மெமரியால இல்ல, லைனால. டெலிபோன் லைன்ல இவ்வளவுதான் வரும்" என்றாள் அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையில் தலைமயிர் இறங்கியது. வலப்பக்கம் வகிடு. அகன்ற நெற்றி, அதன் ஓரத்தில் ஒரு தழும்பு. சித்தப்பாவுக்கும் அங்கேதான் தழும்பு! நான் கத்தினேன். படம் புருவத்தோடு நின்றுவிட்டது. பொறுக்க முடியாமல் மறுபடி திறக்கப்போன என் கையைச் சின்னம்மா பிடித்துக்கொண்டார். அவர் கை குளிர்ந்திருந்தது.

"விடு புள்ள. மெல்ல வரட்டும்."

மேசைக்காலை உதைத்தபடி காத்திருந்தேன். கண்கள் வந்தன. வேறு யாரோ.

"அடுத்ததைத் திற" என்றார் சின்னம்மா. நான் கோபத்தில் கணினியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

இத்தனை தவிப்போடு தேடுகிறவர் ஏன் மெல்ல வரட்டும் என்றார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. படம் புருவத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்களும் சின்னம்மா சித்தப்பாவோடு இருந்தார். நானோ அதைச் சீக்கிரம் முடித்துவைக்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.