நம்பர் இல்லாத இரண்டு வாரம்

இங்கிலாந்தில், பர்ஸ்லம் ஊரில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையின் கேன்டீனில் தெல்மா டாம்ஸ் இருபத்தேழு வருஷம் சமைத்தாள். ஒன்பதரைக்குச் சூளைக்காரர்கள் சாப்பிட வருவார்கள். ஓட்ஸ் மாவு ரொட்டிக்குள் பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டி நூற்றிருபது தட்டு. மதியத்துக்கு மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழைய வேகவைத்த குழம்பு. அதில் கரண்டியை நட்டுப் பார்ப்பார்கள். சாய்ந்தால் அன்று முழுக்கக் கேலிதான்.

"தெல்மா, இதைக் குடிக்கிறதா, குளிக்கிறதா?"

"நீ குளிச்சு எத்தனை நாளாச்சு கண்ணு, குளிச்சுக்கோ."

அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். பஸ் டிரைவருக்குப் பயணி கண்ணு, போலீஸ்காரருக்குத் திருடன் கண்ணு.

வீட்டிலிருந்து தொழிற்சாலை ஆறு நிமிட நடை. எட்டரைக்கு வேன் வந்து தம்பி கிளிஃபோர்டைப் பகல்நேரக் காப்பகத்துக்கு அழைத்துப் போகும். அவன் ஏறியதும் கிளம்பினால் எட்டே முக்காலுக்கு அடுப்பு எரியும். நான்கு மணிக்கு வேன் திரும்பி வருவதற்குள் அவளும் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

கிளிஃபோர்டுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆறடி உயரம். புத்தி ஐந்தாறு வயதுக்கு மேல் வளரவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு தெல்மாதான். அவளுக்கு முப்பது வயதில் ஒருவன் கல்யாணம் பேசினான். கிளிஃபோர்டை எங்காவது விட்டுவிடலாம் என்றான். "எங்காவதுன்னா எங்க?" என்று கேட்டாள். அவன் அதை யோசித்திருக்கவில்லை. பேச்சு அத்தோடு நின்றது.

வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொன்னபோது கடன் வாங்கி அவளே வாங்கினாள். 1994இல் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் பவுண்டு கடன் பாக்கியிருந்தது.

அந்த வசந்தத்தில் தொழிற்சாலை கை மாறியது. புதிய முதலாளிகள் கேன்டீனை மூடி, காசு போட்டால் சாண்ட்விச் விழுகிற இரண்டு இயந்திரங்களை வைக்க முடிவு செய்தார்கள். ஆள் நிர்வாகத்துக்கு அவர்கள் அனுப்பியவர் ஸ்டாக்டேல். தென்பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையாகப் பேசுவார்.

"உங்களை வேலையை விட்டு அனுப்பல மிஸ் டாம்ஸ். லாங்டன்ல நம்ம இன்னொரு தொழிற்சாலையில பெட்டி கட்டுற வேலை தர்றோம். சம்பளத்துல ஒரு பென்னி குறையாது. காலையில ஆறு மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும்."

"ஆறு மணிக்கு லாங்டன்ல நிக்கணும்னா நான் அஞ்சுக்குக் கிளம்பணும்."

"ரெண்டு பஸ் இருக்கு. நேரம் பாத்துட்டேன்."

"பஸ் இருக்குங்க. எங்க கிளிஃபோர்டை யாரு வேன்ல ஏத்துறது?"

அவர் எதையோ குறித்துக்கொண்டார். "நாலு வாரம் செஞ்சு பாருங்க. பிடிக்கலன்னா சொல்லுங்க. சட்டமே அதுக்கு இடம் குடுக்குது. எல்லாம் கடிதத்துல இருக்கும்."

கடிதத்தில் நான்கு வாரம் என்று இருந்தது. தேதி எதுவும் இல்லை.

அவள் அதை எடுத்துக்கொண்டு லென் மேச்சினிடம் போனாள். லென் பூச்சு அறையில் முப்பது வருஷம் வேலை செய்தவர், சங்கத்தின் செயலாளர். தினமும் இரண்டு தட்டு குழம்பு சாப்பிடுகிறவர்.

"இப்பவே முடியாதுன்னு சொல்லிடாத கண்ணு," என்றார். "நல்ல வேலை குடுத்தோம், காரணமில்லாம வேணாம்னுட்டான்னு சொல்லி உன் காசுல கை வெப்பாங்க. போய்ச் செய். ஒத்துவரலன்னு நாலு வாரத்துக்குள்ள எழுதிக் குடுத்துடு. அப்புறம் வேலை போனதுக்கு உண்டான பணத்தை அவங்க குடுத்தே ஆகணும்."

"எவ்வளவு வரும்?"

அவர் சொன்ன தொகை வீட்டுக் கடனுக்குச் சரியாக இருந்தது. மேலே கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் செப்டம்பரிலிருந்து சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள், ஒன்பதிலிருந்து இரண்டு வரை. சம்பளம் பாதிதான். கடன் இல்லையென்றால் இரண்டு பேர் சாப்பிட அது போதும். கிளிஃபோர்டு வீட்டிலேயே இருப்பான்.

ஜூன் பதிமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, லாங்டனில் சேர்ந்தாள். வாயில் பலகையில் 23 என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு நம்பர்தான். இருபத்துமூன்றாம் வாரத்துச் சரக்கு, இருபத்துநான்காம் வாரத்துச் சம்பளம். ஜூன் கடைசியில் எல்லாத் தொழிற்சாலைகளும் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் மூடும். சூளை அணையும், ரொட்டிக் கடையும் முடி வெட்டுகிற கடையும் மூடும், ஊரே கடற்கரைக்குப் போய்விடும். அந்த இரண்டு வாரத்துக்கு நம்பர் கிடையாது. திரும்பி வரும்போது பலகையில் விட்ட இடத்திலிருந்து அடுத்த நம்பர் இருக்கும். தெல்மாவின் அப்பா காலத்திலும் அப்படித்தான். பர்ஸ்லத்துப் பெண்கள் பத்து மாதத்துக்கு மேல் அரை மாதம் பிள்ளை சுமப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு.

காலையில் கிளிஃபோர்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு பெரில் ஒப்புக்கொண்டாள்.

"நாலு வாரந்தான் தெல்மா. அதுக்கு மேல என் முட்டி தாங்காது. உன் தம்பி படியில உக்காந்தா தூக்க கிரேன் வேணும்."

"உக்காராம பாத்துக்கோ."

"நீ எங்க, நீ எங்கன்னே கேக்குறான். லாங்டன்ல இருக்கான்னு சொன்னா, அது யாருங்கறான்."

இரண்டாவது வாரம் புதன்கிழமை பெரில் எழுவதற்கு முன்பே கிளிஃபோர்டு வீட்டை விட்டு வெளியேறிவிட்டான். பைஜாமாவோடு கேன்டீனுக்குப் போயிருக்கிறான். அங்கே பூட்டு. ஒன்பது மணிக்குக் கால்வாய்க் கரையில் நாயோடு நடந்தவர் ஒருவர் அவனைப் பார்த்தார். முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அவனை விடுதியில் சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று தெல்மாவிடம் நிதானமாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே தெல்மா கடிதத்தை எழுதிவிட்டாள். மறுநாள் வேலை முடிந்ததும் லென்னைத் தேடிப் போய்க் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டே வாரத்துல ஓடிட்டா, ஒழுங்கா செஞ்சே பாக்கலன்னு சொல்லுவான். லீவுக்குப் போயிட்டு வா. வந்து மிச்ச ரெண்டு வாரத்தையும் முடி. கடைசி வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் குடு. ஒரு வார்த்தை பேச முடியாது அவனால."

"கால்வாயில நின்னிருக்கான் லென்."

"ரெண்டு வாரம் கண்ணு. இருபத்தேழு வருஷம் இருந்துட்டு ரெண்டு வாரத்துல கெடுத்துக்காத."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. கடிதத்தைப் பையில் வைத்தாள்.

விடுமுறைக்கு ரில் கடற்கரைக்குப் போனார்கள். தெருவில் பாதிப் பேர் அங்கேதான். ஆறு நாள் மழை. கிளிஃபோர்டுக்கு மழை ஒரு பொருட்டில்லை. தெல்மா எட்டு மணிவரை தூங்கினாள். ஜூலை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் திரும்பினார்கள். அவன் அவள் தோளில் சாய்ந்து வழி முழுக்கக் குறட்டை விட்டான்.

மறுநாள் வாயில் பலகையில் 25. பெரில் இந்த முறை தன் கதவைத் திறந்துவைத்துத் தூங்கினாள். இரண்டு வாரம் எந்த அசம்பாவிதமும் நடக்கவில்லை. இருபத்தாறாம் வாரத்து வெள்ளிக்கிழமை தெல்மா மதிய நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு ஸ்டாக்டேலின் அறைக்குப் போனாள்.

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மிஸ் டாம்ஸ், உங்க நாலு வாரம் பத்தாம் தேதியே முடிஞ்சுபோச்சே."

"இன்னிக்குத்தாங்க முடியுது. இருபத்துமூணு, இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு."

"அது தொழிற்சாலை நம்பர். சட்டத்துக்கு காலண்டர் வாரந்தான். லீவும் சேந்ததுதான்."

"லீவுல நான் எங்கங்க வேலை செஞ்சு பாத்தேன்? ரில்லுல இருந்தேன்."

"புரியுது. ஆனா பதினொண்ணாம் தேதி காலையில நீங்க வேலைக்கு வந்தீங்க. வந்ததுமே இந்த வேலையை ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். இனி விட்டுப் போனா, நீங்களா விட்டுப் போறதுதான். நஷ்ட ஈடு வராது."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"யாரும் சொல்லலையே."

"சங்கத்துல கேட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். அந்தத் திங்கட்கிழமை நீங்க வருவீங்களான்னு எனக்கே சந்தேகம். பேர் பதிவைப் பாத்தேன், வந்திருந்தீங்க. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்." அவர் முகத்தில் பொய் எதுவும் இல்லை. கடிதத்தை மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். "இதை நான் இன்னும் வாங்கல. திங்கட்கிழமை வரைக்கும் யோசிங்க. வேணும்னா அப்ப குடுங்க."

லென் சங்கத்தின் வக்கீலுக்குப் போன் செய்தார். அவர் பேசியது கால் மணி நேரம், வக்கீல் பேசியது இரண்டு நிமிடம். இதே மாதிரி ஒரு வழக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது, கிறிஸ்துமஸ் விடுமுறையையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள், வழக்குப் போட்டால் தோற்போம். வேண்டுமென்றால் காலத்தை நீட்டச் சொல்லி முதலிலேயே எழுதி வாங்கியிருக்கலாம். அதுவும் வேறு வேலைக்குப் பயிற்சி தேவைப்பட்டால்தான். பெட்டி கட்ட என்ன பயிற்சி?

சனிக்கிழமை லென் அவள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நம்ம ஊர்ல அந்த ரெண்டு வாரத்தை யாருமே எண்ணினதில்ல கண்ணு."

"எண்ணினவன் ஒருத்தன் வந்துட்டான்ல."

"நான் அன்னிக்கே குடுக்கச் சொல்லியிருந்தா..."

"நீ சொல்லல. கையில கடிதத்தை வெச்சுக்கிட்டு நானும் குடுக்கல. டீ குடிக்கிறியா?"

"வேணாம்."

"குடிக்காட்டி போ. நின்னுக்கிட்டே இருந்தா அவன் பயப்படுவான்."

கிளிஃபோர்டு மாடிப்படியில் உட்கார்ந்து லென்னின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லென் தொப்பியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அதைக் கேட்டு வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெல்மா மேசையில் உட்கார்ந்து இரண்டு வழியையும் பார்த்தாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் காலையில் தம்பியோடு இருக்கலாம். பாதிச் சம்பளத்தில் வீட்டுக் கடனைக் கட்ட முடியாது. வருஷத்துக்குள் வீடு போய்விடும். ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறவளிடம் அவனை விட்டுவைக்க மாட்டார்கள். கடிதத்தைக் கொடுக்காவிட்டால் வீடு இருக்கும். காலையில் அவனைப் பார்க்க ஆள் இருக்காது. பெரிலின் நான்கு வாரமும் முடிந்திருந்தது. பெரிலும் தொழிற்சாலைக் கணக்கில்தான் எண்ணியிருந்தாள்.

இரண்டு வழியும் ஒரே விடுதியில்தான் போய் முடிந்தன. ஒன்றில் அவளுக்கு வீடு மிஞ்சியது.

திங்கட்கிழமை ஸ்டாக்டேலைப் பார்க்கப் போகவில்லை. நேராகப் பெட்டி கட்டுகிற மேசைக்குப் போனாள். பதினொரு மணிக்கு அவர் அந்த வழியாக வந்தார், தலையசைத்தார். அவள் டைல்களுக்கு நடுவே அட்டை செருகிக்கொண்டிருந்தாள். விடுதியில் இடம் கிடைக்கிற வரைக்கும் மட்டும் என்று பெரில் முட்டியைத் தடவிக்கொண்டே ஒப்புக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்து வேலைக்கு ஆகஸ்டில் வேறொருத்தியை எடுத்தார்கள்.

விடுதி லீக் ஊரில் இருந்தது. பதினான்கு பேர். செப்டம்பர் முதல் சனிக்கிழமை கொண்டுபோய் விட்டாள். பெட்டியை எடுத்ததும் கடற்கரைக்குத்தான் போகிறோம் என்று கிளிஃபோர்டு நினைத்துக்கொண்டான். பஸ்ஸில் அவள் மறுத்துச் சொல்லவில்லை. அங்கே போய் இறங்கியதும் தண்ணீரைக் காணோமே என்று சுற்றிப் பார்த்தான். முதல் மாதம் வர வேண்டாம், பழகட்டும் என்று விடுதிக்காரி சொல்லியிருந்தாள்.

நான்கு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை போனாள். இந்த முறை காலண்டரைப் பார்த்து எண்ணினாள்.

அவன் கொஞ்சம் பெருத்திருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கூடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு எப்படிடா?"

"பட்டாணி."

"தினமுமா?"

"பட்டாணி."

"காலையில வேன் வருதா? காப்பகத்துக்குப் போறியா?"

"வருது."

"யாரு ஏத்தி விடுறாங்க?"

"நானேதான்."

அவள் அவன் காலைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக அவள் கட்டிவிட்ட கயிறு வைத்த ஷூ இல்லை. காலை நுழைத்தால் போதும், அப்படியொன்று போட்டிருந்தான்.

"வேன் படி உயரமாச்சேடா. உன்னால ஏற முடியாதே."

"ஏறுவேன் தெல். ஒண்ணு, ரெண்டு, அப்புறம் உள்ள."

"பொய் சொல்லாத."

கிளிஃபோர்டு எழுந்து கூடத்தின் நடுவே போய் நின்றான். இல்லாத கைப்பிடியை எட்டிப் பிடித்தான். ஒரு காலைத் தூக்கிவைத்தான், அடுத்ததைத் தூக்கிவைத்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவர் கைதட்டினார். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் கைதட்டினாள்.