ஆர்லின் கொண்டுவந்த சாம்பல்

லேலண்டின் வாய்க்கு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் எங்கள் மெய்ன் கடற்கரைப் பக்கம் எல்லோருமே பயப்படுவோம். இருபத்தாறு வருடமாக இந்தச் சாலையில் தபால் போடுகிற நானும் அவர் பெட்டியில் கடிதத்தைப் போட்ட கையோடு வண்டியைக் கிளப்பிவிடுவேன். மனைவி இறந்த பிறகு அவரிடம் வந்துபோனது தம்பி நார்ட்டன் மட்டும்தான். ஒரு மார்ச் மாதம் ப்ளூபெர்ரிச் செடிகளைக் கழிக்க உதவ வந்தவன், கிழட்டுத் தண்டுகளை விட்டுவிட்டு இளந்தண்டுகளை வெட்டிவிட்டான். அவனை வறுத்தெடுத்துவிட்டார் மனுஷன். போனவன் பதினோரு வருடமாக எட்டிப்பார்க்கவில்லை.

மிஞ்சியது அந்தப் பன்னிரண்டு செடிகள். மே மாதப் பூவுக்குத் தேனீ வருகிறதா என்று நாற்காலி போட்டுப் பார்ப்பார். ஜூலையில் பறவைக்கு வலை, ஆகஸ்டில் பறிப்பு. நவம்பரில் வேருக்குப் பைன் ஊசியிலைப் போர்வை. அந்தக் கவனிப்பில் பாதி மனிதர்களுக்குக் கிடைத்திருந்தால் அவர் வீட்டில் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, மார்ச் பனியில் இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதிர்வீட்டு ஆர்லின், கணவனை இழந்தவள், நல்ல மனசுக்காரி. பாவம், செடிகள் சத்தில்லாமல் போய்விடுமே என்று தன் விறகடுப்புச் சாம்பலை வாளி வாளியாக அவற்றின் வேரில் கொட்டினாள். ப்ளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டும். சாம்பல் அந்தப் புளிப்பையே தின்றுவிடும். அவர் திரும்பி வந்த ஜூனில் இலைகளெல்லாம் மஞ்சள். மூன்று செடிகள் செத்தன.

"என்னய்யா லேலண்ட், என் சாம்பல் எப்படி?" என்று வாராவாரம் வந்து கேட்டாள். இவர், "பரவால்லம்மா, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "செடியைக் கொன்னது அவதான்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"சொல்லிட்டா நாளைக்கு யாரு வருவா? நீ வருவியா? லெட்டரைப் போட்டுட்டு ஓடுற ஆளு நீ."

சுருக்கென்றது. உண்மைதானே.

அடுத்த நவம்பரிலும் ஆர்லின் வாளியோடு வந்தாள். "வச்சிட்டுப் போ, நானே போட்டுக்கறேன். காப்பி குடி" என்றார். அவள் போனதும் அந்தச் சாம்பலை, அவள் வழுக்கி விழாமலிருக்க, தன் வாசலிலிருந்து சாலைவரை உறைந்திருந்த பனியில் தூவினார். மண்ணின் புளிப்பை மீட்கக் கந்தகப் பொடி வாங்கிச் செடிகளுக்குப் போட்டார்.

ஜனவரியில் ஆர்லினின் மகன் அவளுக்கு எரிவாயு அடுப்பு வைத்துக்கொடுத்தான். சாம்பல் நின்றது. எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச்சில் தனியாக நின்று தண்டு கழித்தார். மே மாதம் இலை பச்சையாக வந்தது. "செடி பிழைச்சிடுச்சு போல" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் ஆர்லினிடம் கையெழுத்து வாங்கவேண்டிய ஒரு பார்சலோடு நான் அவள் வாசலில் நின்றபோது, ஊன்றுகோலோடு சாலையைக் கடந்து வந்தார் லேலண்ட். கையில் அரை வாளி ப்ளூபெர்ரி. அவளிடம் நீட்டினார்.

ஆர்லின் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா? பாத்தியா, இந்த வருஷம் சாம்பல் போடல, அதான்."

நான் வாயைத் திறந்தேன். லேலண்ட் ஊன்றுகோலால் என் செருப்பை ஒரு இடி இடித்தார்.

"எங்க அக்கா வீட்டுல இன்னும் விறகடுப்புதான்யா. அங்கேர்ந்து கொண்டு வரவா?" என்றாள் ஆர்லின்.

"கொண்டு வா ஆர்லின்," என்றார். "நிறையக் கொண்டு வா."