ஏரிக்கரை வீட்டு வாசல்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ஸ்காட்லாந்துக்கு டூர் போனாலும் எங்களுக்குப் புளியோதரை வேண்டும். போன கோடையில் அங்கே ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போயிருந்தோம். மேட்டில் கூரையில்லாமல் இடுப்புயரக் கற்சுவர்கள் நின்றன. காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று உள்ளே பெட்ஷீட் விரித்தோம். வழக்கம்போல ஷூக்களைச் சுவரின் இடைவெளியில் கழற்றி விட்டிருந்தோம்.

பாதிச் சாப்பாட்டில் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் வந்து நின்றார்.

"போச்சு, பிரைவேட் ப்ராப்பர்ட்டி போல. சீக்கிரம் பேக் பண்ணு" என்றார் என் கணவர்.

அந்தப் பெண்மணியோ எங்கள் ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "இதுதான் வாசல். இது என் முன்னோர்கள் வீடு. செம்மறி ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று பண்ணையார் ஊரையே காலி செய்தார். எல்லாரும் கப்பலேறிப் போனார்கள், உங்கள் அமெரிக்கா பக்கம்தான். எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும் கரையிலேயே தங்கிவிட்டார். டூரிஸ்ட்டுகள் சுவர்மேல் ஏறிப் போட்டோ எடுப்பார்கள். வாசலில் ஷூவை விட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்."

வீடென்று தெரிந்து கழற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து, சேறு படிந்த தன் பூட்ஸைக் கழற்றி எங்கள் ஷூக்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உள்ளே வரலாமா?"

தன் வீட்டுக்குள் வர என்னிடம் கேட்டார்! "வாங்க ஆன்ட்டி" என்று தமிழில்தான் என் வாயில் வந்தது. அவருக்கும் ஒரு தட்டு வைத்தேன்.

அமெரிக்காவில் எத்தனையோ வருஷமாக வாடகை வீடுகளில் இருக்கிறேன். என்னை முதன்முதலில் வீட்டுக்காரியாக நடத்தியவர் அவர்தான்.